கொஞ்சம் பொறு... 120 விநாடி!

சுட்டிகளே! உங்கள் பள்ளிக் கம்ப்யூட்டரில் அந்த ஆரஞ்சு நிறப் பூனையைப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்க்ராட்ச் பூனைதான்! அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2007-ல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. கட்டளைகளை எழுத வேண்டாம். வண்ண வண்ணக் கட்டைகளாக அவை இருக்கும். ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்தால் போதும், பூனை நடக்கும், பேசும், குதிக்கும்.

இப்போது ஒரு சின்னச் சோதனை. "வணக்கம்" என்று சொல்லும் கட்டை ஒன்று. அதன் கீழே "போய்ட்டு வரேன்" என்று சொல்லும் கட்டை ஒன்று. எத்தனை விநாடி சொல்ல வேண்டும் என்று குறிக்காத சாதாரணக் கட்டைகளை எடுங்கள். பச்சைக் கொடியை அழுத்துங்கள். பூனை என்ன சொல்லும்?

"போய்ட்டு வரேன்" மட்டும்தான் தெரியும்! வணக்கம் எங்கே போனது? பூனை அதையும் சொன்னது. ஆனால் கண் இமைப்பதற்குள் அடுத்த கட்டளை வந்து அதை அழித்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் "1 விநாடி காத்திரு" என்ற கட்டையைச் செருகுங்கள். இப்போது சரி.

அந்தக் கட்டை ஒரு வேலையும் செய்வதில்லை. நடக்காது, பேசாது, சும்மா நிற்கும். ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற வேலை எல்லாம் கெட்டுப்போகும். இந்தச் "சும்மா நிற்கும்" கட்டையைத் தேடி, இன்று நாம் போத்தனூர் வரை போகப்போகிறோம். வருகிறீர்களா?

கோவைக்கு முன்பே ரயில் வந்த ஊர்!

போத்தனூர் கோயம்புத்தூரை ஒட்டிய ஊர். இப்போது மாநகராட்சிக்குள்ளேயே இருக்கிறது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூர் வரை போட்ட ரயில் பாதை 1862-ல் முழுமையானபோது, அது போத்தனூர் வழியாகத்தான் போனது. கோயம்புத்தூர் நகரத்துக்கு அப்போது ரயில் கிடையாது! போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை வந்தது 1873-ல்தான். கோவைக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

இன்றைக்குப் போத்தனூர் ஒரு சந்திப்பு நிலையம். ஒரு பக்கம் கோவை, ஒரு பக்கம் இருகூர், ஒரு பக்கம் பாலக்காடு, இன்னொரு பக்கம் பொள்ளாச்சி. நான்கு திசையிலிருந்தும் ரயில் வரும். எது எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டும் என்பதைச் சிக்னலும், "பாயின்ட்" எனப்படும் தண்டவாளப் பிரிவும்தான் முடிவு செய்கின்றன.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தெற்கு ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனை இங்கேதான் அமைந்தது. சிக்னலுக்கு வேண்டிய ரிலேக்களும் மற்றக் கருவிகளும் பல பத்தாண்டுகள் இங்கே தயாராகி ரயில் நிலையங்களுக்குப் போயின.

ரிலே என்றால் ஓட்டப் பந்தயம் இல்லை! அது ஒரு மின்காந்த ஸ்விட்ச். இரும்பைச் சுற்றிச் செம்புக் கம்பி. கம்பியில் கரண்ட் போனால் இரும்பு காந்தமாகி ஒரு சின்னத் தகட்டை இழுக்கும். 'டக்' என்று சத்தம் வரும், வேறொரு கம்பியில் இணைப்பு ஏற்படும். கரண்ட் நின்றால் தகடு விழுந்துவிடும், இணைப்பு அறுந்துவிடும். 1835-ல் ஜோசப் ஹென்றி என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டிய வித்தை இது.

ரயில்வே ரிலேயில் ஒரு கூடுதல் புத்திசாலித்தனம் இருக்கிறது. இணைப்பு ஏற்படும் இடத்தில் ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் கரி! எதற்குக் கரி? இரண்டு பக்கமும் உலோகமாக இருந்தால், தீப்பொறி பறக்கும்போது ஒன்றோடு ஒன்று பற்ற வைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால் சிக்னல் பச்சையிலேயே நின்றுவிடும். கரி உலோகத்தோடு ஒட்டாது. பணிமனையில் ஒரு சின்னக் கரித்துண்டைப் பார்த்துப் பார்த்துப் பொருத்தியவர்களுக்கு, எங்கோ ஒரு ரயிலில் தூங்கிக்கொண்டு போகும் ஆயிரம் பேரின் உயிர் தங்கள் கையில் இருக்கிறது என்று தெரியும்.

மேஜை மேல் ஒரு ரயில் நிலையம்

ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஒரு பெரிய பலகை இருக்கும். பேனல் என்பார்கள். அந்த நிலையத்தின் தண்டவாளங்கள் எல்லாம் அதில் படமாக வரைந்திருக்கும். பல நிலையங்களில் இந்தப் படம் இப்போது கம்ப்யூட்டர் திரைக்கு மாறிவிட்டது, ஆனால் கதை அதேதான்.

ஒரு ரயிலை உள்ளே வரவிட வேண்டுமா? சிக்னலுக்கான பொத்தானையும், ரயில் போய்ச் சேர வேண்டிய லைனின் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரே பொத்தான் என்றால், தெரியாமல் முழங்கை பட்டால்கூட ரயிலுக்கு வழி கிடைத்துவிடுமே! இரண்டையும் அழுத்தியதும் ரிலேக்கள் ஒன்றுக்கொன்று கேள்வி கேட்டுக்கொள்ளும். பாதை காலியா? பாயின்ட் சரியான பக்கம் திரும்பிவிட்டதா? பூட்டிவிட்டதா? எதிரே வேறு ரயிலுக்கு வழி கொடுத்திருக்கிறோமா? எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தால்தான் அந்தப் பாதை நெடுக வெள்ளை விளக்குகள் எரியும், வெளியே சிக்னல் இறங்கி வழிவிடும். ரயில் உள்ளே வர வர, வெள்ளை விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாக மாறும். ரயில் ஊர்ந்து வருவதை மேஜை மேலேயே பார்க்கலாம்.

ரயில் எங்கே இருக்கிறது என்று பேனலுக்கு எப்படித் தெரியும்? 1872-ல் வில்லியம் ராபின்சன் என்பவர் கண்டுபிடித்த தந்திரம். இரண்டு தண்டவாளங்களிலும் கொஞ்சமே கொஞ்சம் கரண்ட் அனுப்பி, மறுமுனையில் ஒரு ரிலேயை எழுப்பி வைத்திருப்பார்கள். ரயில் வந்ததும் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும். கரண்ட் குறுக்கு வழியில் திரும்பிவிடும். பாவம், ரிலே பட்டினி கிடந்து 'டக்' என்று விழுந்துவிடும். ரிலே விழுந்தால் "இங்கே ரயில் இருக்கிறது" என்று அர்த்தம். கம்பி அறுந்தாலும் ரிலே விழும், தண்டவாளம் உடைந்தாலும் பெரும்பாலும் விழும், கரண்ட் போனாலும் விழும். எது கெட்டாலும் சிவப்பு!

இந்தப் பேனலைப் பார்க்கும்போது எனக்கு ஸ்க்ராட்ச் ஞாபகம்தான் வருகிறது. படத்தைப் பார்த்து, பொத்தானைச் சேர்த்து, பின்னால் வேலைகள் வரிசையாகத் தானே நடப்பது. ஸ்க்ராட்ச் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ரயில்வேக்காரர்கள் இதைச் செய்துவிட்டார்கள்.

முகத்துக்கு நேரே சிவப்பு!

இப்போது ஒரு சம்பவத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். பாலக்காட்டுப் பக்கமிருந்து ஓர் எக்ஸ்பிரஸ் போத்தனூரை நோக்கி வருகிறது. முதல் லைனில் வழி கொடுத்தாகிவிட்டது. திடீரென்று முதல் லைனில் ஏதோ சிக்கல். ரயிலை இரண்டாவது லைனுக்கு மாற்ற வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் சிக்னலை ரத்து செய்கிறார். அது உடனே சிவப்பாகிறது. இதில் தாமதமே கிடையாது.

அடுத்தது பாயின்ட்டைத் திருப்ப வேண்டும். உடனே திருப்பலாமா?

கூடாது! ரயிலை ஓட்டும் லோகோ பைலட் எங்கே இருக்கிறார் என்று யோசியுங்கள். அவர் ஏற்கெனவே நல்ல சிக்னலைப் பார்த்துவிட்டு முழு வேகத்தில் வருகிறார். முகத்துக்கு நேரே திடீரென்று சிவப்பு விழுந்தால் பிரேக் போடுவார். ஆனால் ரயில் சைக்கிள் இல்லையே! வேகமாக வரும் ரயில் பிரேக் போட்ட பிறகும் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு ஓடித்தான் நிற்கும். அதனால்தான் நிலையத்தின் வாசல் சிக்னலுக்கு 1 கிலோமீட்டர் முன்பே "டிஸ்டன்ட்" என்ற முன்னறிவிப்புச் சிக்னல் வைக்கிறார்கள். அதையும் தாண்டி வந்துவிட்டவரால் சிவப்புக்கு முன் நிற்க முடியாமல் போகலாம். அப்படி அவர் உள்ளே வரும் அதே நேரத்தில் பாயின்ட் பாதி திரும்பியபடி இருந்தால்? ரயில் தடம் புரளும்.

அதனால் ரிலேக்கள் பாயின்ட்டை விடாமல் பூட்டி வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம்? 120 விநாடி. இந்திய ரயில்வேயில் இது வழக்கமான கணக்கு. ஸ்டேஷன் மாஸ்டர் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதுவரை பாயின்ட் அசையாது.

சரி, ஏன் 120? கொஞ்சம் கணக்குப் போடுவோமா? 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் 1 விநாடியில் சுமார் 28 மீட்டர் ஓடும். 120 விநாடியில் 3 கிலோமீட்டருக்கும் மேலே! ஆக, 120 விநாடி முடிந்தபோது இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். ஒன்று, லோகோ பைலட் பிரேக் போட்டு ரயில் நின்றிருக்கும். அல்லது, நிற்க முடியாமல் சிக்னலைத் தாண்டி உள்ளே வந்திருக்கும். உள்ளே வந்திருந்தால் அங்கே தண்டவாள ரிலே விழுந்திருக்கும், பாயின்ட் தொடர்ந்து பூட்டியே இருக்கும். நின்றிருந்தால் பாதை காலி, பூட்டைத் திறக்கலாம்.

இங்கே கவனியுங்கள். ரிலே 120 எண்ணி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு திறப்பதில்லை. முடித்ததும் இன்னொரு தடவை பார்க்கிறது. "பாதை இப்போதும் காலிதானா?" என்று கேட்ட பிறகே திறக்கிறது. பொறுப்பது பாதி வேலை. பொறுத்த பிறகு திரும்பப் பார்ப்பதுதான் மீதிப் பாதி. கம்ப்யூட்டரில் தானாக நடக்கும் வேலைகளை அமைக்கும் பெரியவர்கள்கூட இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

உதாரணத்துக்கு, பள்ளிக்கு வராத மாணவரின் வீட்டுக்குத் தானாகச் செய்தி போகும்படி அமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருகைப் பதிவில் "இல்லை" என்று குறித்ததும், "15 நிமிடம் காத்திரு" என்று ஒரு கட்டம், பிறகு "செய்தி அனுப்பு" என்று ஒரு கட்டம். பஸ் லேட்டாகி நீங்கள் 10 நிமிடம் கழித்து வந்து, டீச்சரும் திருத்திவிட்டார். ஆனாலும் 15-வது நிமிடம் செய்தி போய்விடும்! வீட்டில் அம்மா பதறிப்போவார். தப்பு எங்கே? நடுவில் "இன்னும் வரவில்லையா என்று பார்" என்ற கட்டம் இல்லை.

செம்பு வளையமும் வளையும் தகடும்

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ரிலேக்கு எப்படிக் காத்திருக்கத் தெரிந்தது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

ஒரு விநாடிக்கும் குறைவான சின்னத் தாமதம் வேண்டுமென்றால், காந்தமாகும் இரும்பின் மேல் கனமான செம்பு வளையம் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். கரண்ட்டை நிறுத்தியதும் காந்தம் குறையும். குறையும் காந்தம் அந்தச் செம்புக்குள்ளே ஒரு சுழல் மின்சாரத்தை உண்டாக்கும். அது காந்தத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். "போகாதே, போகாதே" என்று கையைப் பிடித்து இழுப்பதுபோல! தகடு தாமதமாக விழும். இதே தந்திரத்தால் ரிலே தாமதமாக எழும்படியும் செய்யலாம்.

இவ்வளவு சின்னத் தாமதத்தால் என்ன லாபம்? தண்டவாளத்தில் துரு இருந்தாலோ, லேசான வண்டி குலுங்கினாலோ சக்கரத்தின் தொடுதல் ஒரு கணம் விட்டுப்போகும். உடனே ரிலே எழுந்து "ரயில் போய்விட்டது" என்று பொய் சொல்லிவிடும். தாமதமாக எழும் ரிலே இந்தக் கண நேரப் பொய்யை நம்பாது.

நீண்ட தாமதத்துக்கு வேறு வழி. இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிய தகட்டைச் சூடாக்குவார்கள். ஓர் உலோகம் அதிகம் விரியும், இன்னொன்று குறைவாக விரியும், தகடு மெல்ல வளையும். வளைந்து போய் ஒரு முனையைத் தொட்டால் நேரம் முடிந்தது! வீட்டு இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறியதும் 'டிக்' என்று அணைகிறதே, அதே தகடுதான். பிறகு மின்னணு டைமர்கள் வந்தன, கம்ப்யூட்டர் வந்தது. எண்ணும் கருவி மாறியது, 120 மாறவில்லை.

அவசரமாகப் பாதையை ரத்து செய்ய வேண்டியிருந்தால் அதற்கும் தனிப் பொத்தான் உண்டு. ஆனால் அதிலும் 120 விநாடி காத்திருந்தே ஆக வேண்டும். அதோடு ஒவ்வொரு தடவையும் ஒரு எண்ணிக்கைக் கருவியில் ஓர் எண் கூடிவிடும். யாராலும் குறைக்க முடியாது. ஏன் அழுத்தினேன் என்று ஸ்டேஷன் மாஸ்டர் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். போன் மணி அடிக்கிறது, மற்ற ரயில் காத்து நிற்கிறது, பயணிகள் எட்டிப் பார்க்கிறார்கள். அந்த 2 நிமிடம் அவருக்கு எவ்வளவு நீளமாக இருக்கும்!

இன்னொன்று. காத்திருப்பது அந்த ஒரு பாதை மட்டும்தான். பொள்ளாச்சி லைனிலோ இருகூர் லைனிலோ சம்பந்தமில்லாத வேலை அதுபாட்டுக்கு நடக்கும். ஸ்க்ராட்சிலும் அப்படியே. ஒரு கோவையில் "காத்திரு" போட்டால் அந்தக் கோவை மட்டும் நிற்கும், மற்றக் கோவைகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

தோட்டத்து மோட்டாரும் காத்திருக்கும்

நம் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் இருக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பார்த்திருப்பீர்கள். மூன்று பேஸ் கரண்ட் நடு ராத்திரியில் வந்தாலும், யாரும் எழுந்து போகாமல் அதுவே மோட்டாரை ஓட வைக்கும். ஆனால் கரண்ட் வந்த அதே நொடியில் ஓடாது. சில விநாடிகள் பொறுக்கும். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போல 5, 6 மடங்கு கரண்ட் இழுக்கும். ஒரு டிரான்ஸ்பார்மரில் 20 மோட்டார் இருந்து எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் வோல்டேஜ் படுத்துவிடும், பீஸ் போகும்.

பெரிய மோட்டார்களில் இரண்டாவது தாமதமும் உண்டு. முதலில் "ஸ்டார்" இணைப்பில் மெதுவாகக் கிளம்பி, சில விநாடி கழித்து வேகம் பிடித்ததும் "டெல்டா" இணைப்புக்கு மாறும். ஸ்டாரில் கிளம்பினால் இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்குதான்.

இப்போது ஒரு கேள்வி. அந்த 20 தோட்டக்காரர்களும் கடைக்காரர் சொன்னார் என்று 30 விநாடி தாமதம் வைத்தால் என்ன ஆகும்? கொஞ்சம் யோசியுங்கள்... எல்லா மோட்டாரும் 30-வது விநாடியில் ஒன்றாகக் கிளம்பும்! தாமதம் வைத்தும் பயனில்லை. ஒருவர் 20, அடுத்தவர் 35, அதற்கடுத்தவர் 50 என்று பேசி வைத்துக்கொண்டால்தான் பலன். அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுப் பாருங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். 440 வோல்ட்!

நீங்களே செய்யலாம் வாங்க!

ஸ்க்ராட்சில் ஒரு குட்டிப் போத்தனூர் கட்டுவோமா? பின்னணியில் ஒரு தண்டவாளம் வரைந்து, அது இரண்டாகப் பிரியட்டும். பிரியும் இடத்தில் பாயின்ட்டுக்கு ஒரு சின்னக் கோடு, ஒரு சிக்னல், ஒரு ரயில். சிக்னலுக்கு முன்னால் உள்ள தண்டவாளத்தை நீல நிறமாக்குங்கள், அது "ரயில் நெருங்கிவிட்டது" பகுதி. பாயின்ட் இருக்கும் இடத்தை மஞ்சள் நிறமாக்குங்கள். 120 விநாடி உங்களுக்குச் சலிப்பு தட்டும், 12 போதும்.

ரத்துப் பொத்தானை அழுத்தினால் முதலில் சிக்னல் சிவப்பு. அடுத்து, ரயில் நீலத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் 12 விநாடி காத்திரு. தொடாவிட்டால் ரயில் தூரத்தில் இருக்கிறது, காத்திருக்க வேண்டாம். நிஜ நிலையங்களிலும் இப்படி இரண்டு வகை உண்டு. நெருங்கும் ரயிலைக் காட்டும் கருவி இருந்தால், ரயில் இல்லாதபோது உடனே பூட்டு திறக்கும். கருவி இல்லாத இடத்தில் ரயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 120 விநாடிதான்! தெரியாதபோது பொறுத்துத்தானே ஆக வேண்டும்?

12 விநாடி முடிந்ததும் "ரயில் மஞ்சளைத் தொடாத வரை காத்திரு" என்ற அர்த்தத்தில் இன்னொரு கட்டை போடத் தோன்றும். அவசரத்தில் அப்படிப் போட்டுவிடாதீர்கள், அர்த்தம் தலைகீழ்! "மஞ்சளைத் தொடவில்லை என்று ஆகும் வரை காத்திரு" என்பதுதான் வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதலாவதில், பாயின்ட் ரயிலுக்கு அடியிலேயே திரும்பும். திரையில் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம்.

கடைசியாக ஒரு புதிர். சிக்னலை ரத்து செய்து 90 விநாடி ஆகிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் மனம் மாறி, சிக்னலைத் திரும்பப் பச்சையாக்குகிறார். 5 விநாடியில் மறுபடியும் மனம் மாறிச் சிவப்பாக்குகிறார். இப்போது மீதி 30 விநாடி காத்திருந்தால் போதுமா, அல்லது 120-ஐ முதலிலிருந்து எண்ண வேண்டுமா? அந்த 5 விநாடியில் லோகோ பைலட் ஜன்னல் வழியாக என்ன பார்த்திருப்பார் என்று அவர் இடத்தில் உட்கார்ந்து யோசித்துவிட்டு, உங்கள் குட்டிப் போத்தனூரில் அதற்கான கட்டையைச் செருகுங்கள்.